அழுக்கணவனுக்குப் பெயர் தேடிய வகுப்பு

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு வருடத்துக் கதையைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. கட்டடங்கள் எழுந்த கதையையும் அதிபர்கள் பட்ட பாட்டையும் எங்களுக்கு மூத்த அக்காமார் காலையில் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். "நீங்கள் வைத்தியர்தானே, ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, உயர்தர உயிரியல் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து என்ன பேசலாம் என்று கேட்டோம். ரொறன்ரோவில் இருப்பவளும் லண்டனில் இருப்பவளும் வவுனியாவில் இருப்பவளும் ஒருவரோடொருவர் கதைக்காமலே ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அழுக்கணவனைப் பற்றிச் சொல்லு."

ஆகவே இந்த உரையில் வரும் 'நாங்கள்' அந்த வகுப்புத்தான். அப்போது 19 பேர் இருந்தோம். இன்று 18 பேர்.

அது 1995ஆம் ஆண்டின் முற்பகுதி. சில மாதங்கள் போர் ஓய்ந்திருந்த காலம். ஆனாலும் மின்சாரம் இல்லை. ஆய்வுகூடத்தில் இருந்த மூன்று நுணுக்குக்காட்டிகளும் அடியிலுள்ள சிறு கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பார்க்கின்றவை. முகில் மறைத்தால் பாடமும் மறைந்துவிடும். போத்தல்களில் இருந்த மாதிரிகள் பழுதாகிவிட்டன. புதிதாகப் பாதுகாத்து வைக்க போமலின் இல்லை. எங்கள் விலங்கியல் ரீச்சர் ஒருநாள் அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு பூட்டிவிட்டு எங்களை ஆய்வுகூடத்தின் பின்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சீமைக்கிளுவை வேலி. இலை கொட்டி, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூப் பூத்திருந்தது. வேலியோடு சேர்த்துத் தோட்ட வேலை பார்க்கும் அப்பு பயிற்றை நட்டுக் கம்பு ஊன்றியிருந்தார். வேலியின் இளம் தண்டுகளும் பயிற்றைக் கொடியின் நுனிகளும் கறுப்புத் துணி சுற்றியதுபோல இருந்தன. கிட்டப் போனால், அந்தக் கறுப்புத் துணி மெல்ல அசைந்தது.

"அழுக்கணவன் பிடிச்சிட்டுது பிள்ளையள்," என்றார் அப்பு.

"அது குடும்பப் பேர்," என்றார் ரீச்சர். "ஆளின்ர பேரைக் கண்டுபிடிச்சு, படம் கீறிக்கொண்டு வாங்கோ."

எங்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. நூலகத்தில் பழைய ஆங்கில விலங்கியல் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் அவரைச் செடியில் வாழும் கறுப்பு அழுக்கணவனின் படம் அழகாகப் போட்டிருந்தது. கீழே ஏபிஸ் பாபே என்று பெயரும் இருந்தது. பயிற்றையும் அவரை இனந்தானே, பூச்சியும் கறுப்புத்தானே! 19 பேரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கீறி, அந்தப் பெயரை எழுதி, நிழல் தீட்டிக் கொடுத்தோம். ஒருவரும் வேலியடிக்குத் திரும்பப் போகவில்லை.

மறுநாள் கொப்பிகள் புள்ளியில்லாமல் திரும்பி வந்தன. ரீச்சர் கோபிக்கவில்லை. "வடிவாய்க் கீறியிருக்கிறியள். ஆனால் இவர் இங்கிலாந்து ஆள். எங்கட வேலியில இருக்கிறவரை ஒருத்தரும் பார்க்கேல்லை. பேரைச் சொல்ல முதல் ஆளைப் பாருங்கோ," என்றார்.

பிறகுதான் பார்க்கத் தொடங்கினோம். இரண்டு கைவில்லைகள் இருந்தன. ஆளுக்கு ஐந்து நிமிடம். அன்று எழுதிய ஒழுங்கிலேயே இன்றும் சொல்கிறோம். இன்றைய மாணவிகள் விரும்பினால் குறித்துக்கொள்ளலாம்.

முதலில், இது அழுக்கணவன்தானா என்று பார்க்க வேண்டும். உடல் மென்மையானது, பேரிக்காய்போலப் பின்புறம் பருத்தது. முகத்துக்குக் கீழே ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் கால்களுக்கிடையே மடிந்திருக்கும். வயிற்றின் பின்பகுதியில், இரண்டு பக்கமும் புகைபோக்கிபோல இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே, கடைக்கோடியில், சிறிய வால். இந்த இரண்டு குழலும் ஒரு வாலுந்தான் அழுக்கணவனின் அடையாள அட்டை. செடியில் ஒட்டியிருக்கும் வேறு எந்தச் சிறு பூச்சியிலும் இந்த மூன்றையும் இப்படிச் சேர்த்துக் காண முடியாது.

அடுத்ததாக, எந்த அழுக்கணவன் என்று பார்க்க வேண்டும். இறகில்லாத முதிர்ந்த பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளம், கடுகளவு. அதன் முதுகு கறுப்பு, அதுவும் மினுக்கம் பூசியது போன்ற கறுப்பு. வயிற்றின் மேற்பகுதியைக் கெட்டியான கறுப்புக் கேடயம் ஒன்று மூடியிருப்பதால் அந்தப் பளபளப்பு. கால்கள் வெளிர் மஞ்சள். ஆனால் மூட்டருகிலும் நுனியிலும் கறுப்பு, கறுப்புக் காலுறை போட்டதுபோல. உணர்கொம்புகளிலும் நடுப்பகுதி வெளிறி, நுனி கறுத்திருக்கும். பின்புறக் குழல்கள் கறுப்பு, வாலும் கறுப்பு.

ஆங்கிலப் புத்தகத்து ஏபிஸ் பாபே இப்படி அல்ல. அதுவும் கறுப்புத்தான், ஆனால் மினுக்கம் இல்லாத மங்கிய கறுப்பு; குஞ்சுகளின் முதுகில் வெள்ளை மெழுகுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எங்கள் தோட்டத்தில் மிளகாய், கத்தரி, பூசணி ஆகியவற்றில் வரும் ஏபிஸ் கொசிப்பியும் அல்ல. அது மஞ்சளிலிருந்து கரும்பச்சை வரை பல நிறத்தில் இருக்கும். அதற்குக் குழல்கள் கறுத்திருந்தாலும் வால் வெளிறியிருக்கும். வாழைக் குருத்தின் மடிப்பில் ஒளிந்திருக்கும் கபில நிற அழுக்கணவனும் அல்ல. அது வாழையின் உச்சிக்கொத்து நோயைப் பரப்புவது. இறகு வந்தால் அந்த இறகின் நரம்புகள் கருமையாகத் தெரியும்.

எங்கள் வேலியில் இருந்தவர் ஏபிஸ் கிரக்கிவோரா. கொக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1854இல் இந்தப் பெயரைச் சூட்டினார். பயற்றங் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் இலத்தீன் பெயரோடு 'தின்பது' என்ற சொல்லைச் சேர்த்தது இந்தப் பெயர். உலகின் வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் பயிற்றை, கௌபி, கச்சான், சீமைக்கிளுவை என்று இந்தக் குடும்பத்துச் செடிகளிலேயே பெரும்பாலும் குடியிருக்கிறது. நிபுணர்கள் இத்தோடு விடமாட்டார்கள். பூச்சியைக் காரத்தில் இட்டு உள்ளுடம்பைக் கரைத்து, தோலை மட்டும் கண்ணாடித் தட்டில் பரப்பி, வாலிலுள்ள மயிர்களையும் எண்ணுவார்கள். கிரக்கிவோராவின் வாலில் மயிர்கள் சில; பாபேயின் வாலில் பல. எங்களிடம் காரமும் இல்லை, வெயிலும் போய்விட்டது. ஆனாலும் முதல் தடவையாக எங்கள் கொப்பிகளில் எங்கள் வேலியின் பூச்சி இருந்தது.

அதற்குப் பிறகும் பிழை விட்டோம். ஒரே நுனியில் நான்கு வகைப் பூச்சிகள் இருப்பதாக எழுதினோம்: மினுங்கும் கறுப்பு ஒன்று, சாம்பல் பூசிய மங்கல் ஒன்று, இறகுள்ளது ஒன்று, அசையாத வெள்ளைப் பூச்சி ஒன்று. ரீச்சர் சிரித்தார். மங்கலானவை குஞ்சுகள், அவற்றின்மேல் மெல்லிய மெழுகு படிந்திருக்கும், முதிர்ந்த பிறகுதான் மினுக்கம் வரும். இறகுள்ளது அதே இனந்தான். கூட்டம் நெருக்கினாலோ செடியின் சாறு வற்றினாலோ இறகோடு வளர்ந்து வேறு செடி தேடிப் பறக்கும். வெள்ளைப் பூச்சி பூச்சியே அல்ல. வளரும்போது நான்கு தடவை கழற்றிவிடும் சட்டை அது. தேன்போன்ற கழிவில் ஒட்டிக் கிடக்கிறது. இன்றும் பலர் இந்த வெற்றுச் சட்டைகளைப் பார்த்துவிட்டு, வெள்ளைப்பூச்சி விழுந்துவிட்டது என்று கடைக்கு மருந்து வாங்கப் போகிறார்கள்.

அந்த இனிப்பு நீரைப் பின்புறக் குழல்கள்தான் சொரிகின்றன என்றும் எழுதியிருந்தோம். அதே பிழையைப் பெரிய ஆய்வாளர்களும் ஒருகாலத்தில் விட்டிருக்கிறார்கள் என்று ரீச்சர் ஆறுதல் சொன்னார். இனிப்பு நீர் வெளிவருவது குதத்தால். எறும்பு காவல் நிற்பதும் அதற்காக. இலையில் கரிப்பூஞ்சணம் படர்வதும் அதன்மேல்தான். குழல்களின் வேலை வேறு. எதிரி பிடித்தால் அவற்றிலிருந்து ஒரு துளி வரும். அதன் மணம் பட்டதும் பக்கத்தில் இருப்பவை உறிஞ்சுவதை விட்டு விலகும், சில கீழே விழுந்துவிடும். ஊசிமுனையால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தோம். உண்மைதான்.

"ஆண் பூச்சியை எப்படி அடையாளம் காணுறது ரீச்சர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "இங்க ஆண் இல்லை. முழுக்கப் பெண் பிள்ளையள்தான், எங்கட பள்ளிக்கூடம் மாதிரி," என்றார். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வெப்ப நாடுகளில் இந்த இனம் ஆண்டு முழுவதும் ஆண் துணையின்றியே பெருகுகிறது. முட்டையிடாமல் குஞ்சையே ஈனுகிறது. அந்தக் குஞ்சின் வயிற்றுக்குள் பேத்தி ஏற்கனவே உருவாகத் தொடங்கியிருக்கும். இதை நிரூபித்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொன்னே. 1740 மே மாதத்தில், அப்போதுதான் பிறந்த ஒரு அழுக்கணவனை ஒரு செடிக்கிளையில் தனியே விட்டு, கண்ணாடிக் குவளையால் மூடி, நாள் முழுவதும் வில்லையும் கையுமாக இருந்தார். வேறொரு பூச்சியையும் காணாமலே அது 95 குஞ்சுகளை ஈன்றது. பொன்னேக்கு அப்போது 20 வயது. எங்களைவிட மூன்று வயதுதான் கூட. அந்தச் செய்தி எங்களைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைத்தது.

இனி, பெருமைப்பட முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அழுக்கணவனின் பெயரைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அப்புவின் பயிற்றையைக் காப்பாற்றப் புறப்பட்டோம். நுனிகளுக்கிடையே வேறொரு பிராணி ஊர்ந்து திரிந்தது. நீண்ட கருமையான உடல், வெளிர் புள்ளிகள், முதுகில் முள் முள்ளாக, ஆறு கால்களோடு, சின்ன முதலைக் குட்டிபோல. பார்க்கவே அருவருப்பு. இதுதான் பெரிய எதிரி என்று முடிவு செய்தோம். ஒரு மாலையில் 37 பிராணிகளைப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டோம். எண்ணிக்கை எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் போட்டி வைத்துப் பிடித்தோம்.

மறுநாள் வாளியை ரீச்சரிடம் காட்டினோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வேலியில் தேடி, எங்கள் கையில் அகப்படாத ஒன்றை எடுத்து, அழுக்கணவன் இருந்த நுனியோடு ஒரு ஜாம் போத்தலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி ஜன்னலில் வைத்தார். அது அழுக்கணவனை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றது. சில நாளில் போத்தல் சுவரில் ஒட்டிக் கூட்டுப்புழுவானது. பிறகொரு காலை, மஞ்சட் செம்மை முதுகில் கறுப்பு வளைகோடுகள் போட்ட ஒரு பொறிவண்டு போத்தலுக்குள் நடந்து திரிந்தது. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், பிடிக்கும். அதன் பிள்ளையைத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு கிழமைக்குள் பயிற்றை நுனிகள் சுருண்டு, இலைகள் கரி பிடித்து, பிஞ்சுகள் நெளிந்து போயின. அப்பு எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. ரீச்சர் மட்டும், "செயன்முறைக் கொப்பியில 'அவதானம்' எண்ட தலைப்புக்குக் கீழ 37 எண்டு எழுதுங்கோ. அழிக்காதேங்கோ," என்றார். எழுதினோம்.

அவ்வருடம் ஒக்டோபர் 30ஆந் திகதி என்ன நடந்தது என்று இங்கே இருக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தது. அரிசியும் அடையாள அட்டையும் எடுத்தோம். செயன்முறைக் கொப்பியை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது கொப்பிகளும் இல்லை, ரீச்சரும் இல்லை. அவர் வன்னிக்குப் போய் அங்கேயே கற்பிக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அவர் காலமான செய்தி எங்களுக்கு ஒரு வருடம் கழித்தே கிடைத்தது. ஆகவே இனிச் சொல்லப்போவதை அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

வருடங்கள் கழிந்தன. அந்த வகுப்பில் மூவர் வைத்தியர்களானோம். உள்ளகப் பயிற்சிக் காலத்தில், உலர்வலயத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதி. ஒரு பின்னேரம் ஒரு தாயைக் கொண்டு வந்தார்கள். கண்மணிகள் ஊசிமுனைபோல ஒடுங்கியிருந்தன. வாயில் நீர் வடிந்தது; உடல் வியர்த்து நனைந்திருந்தது; நெஞ்சில் சளி கரகரத்தது; தசைகள் தாமாகத் துடித்தன. பூச்சிமருந்து அடிக்கும்போது முதுகில் சுமந்த தாங்கி ஒழுகி, சட்டை முழுவதும் மருந்தில் ஊறியிருக்கிறது. உச்சி வெயிலில் அதே சட்டையோடு வேலையை முடித்திருக்கிறார்.

சேதனப் பொசுபேற்று வகை மருந்து பூச்சியைக் கொல்வதும் மனிதரை வீழ்த்துவதும் ஒரே வழியில்தான். நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனச் செய்தியை, வேலை முடிந்தவுடன் அழிக்க ஒரு நொதியம் இருக்கிறது. மருந்து அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டேயிருக்கும். உடுப்பைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நெஞ்சு காயும்வரை அத்திரோப்பின் கொடுத்தோம். இரவுக்குள் தேறினார். மகளோடு கதைத்தார்.

தேறிய நோயாளியை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது சுலபம். ஆனால் எங்களுக்குக் கற்பித்தவர்கள் ஒன்றைச் சொல்லித் தந்திருந்தார்கள்: ஒன்று முதல் நான்கு நாட்கள் வரை, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால், கழுத்துத் தசையைத் தொடர்ந்து மூச்சுத் தசைகளும் சோரப் போகின்றன என்று அர்த்தம். இந்த நிலையை அடையாளங் கண்டு, விவரித்து, 'இடைநிலைக் கூட்டறிகுறி' என்ற பொருளில் பெயரிட்டவர்கள் எங்கள் நாட்டு மருத்துவர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். 1987இல் பத்து நோயாளிகளை வைத்து அதை எழுதினார்கள். அதற்கு முன்னரும் நோயாளிகள் இப்படிச் சோர்ந்துதான் இருப்பார்கள். பார்த்து, பிரித்து, பெயர் சொன்ன பிறகுதான் எந்த நாளில் எதைத் தேட வேண்டும் என்பது கடைசி விடுதியின் பயிற்சி வைத்தியருக்கும் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை, "அம்மா, தலையை ஒருக்கால் தூக்குங்கோ," என்றோம். அவரால் முடியவில்லை. சிரித்தார், தன் சோம்பல் என்று நினைத்திருப்பார். ஒரு மணித்தியாலத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். அன்றிரவு அவருக்காக இயந்திரம் மூச்சு விட்டது. சில நாள் கழித்துத் தானாக மூச்சு விட்டார், வீட்டுக்குப் போனார்.

அந்த முதல் நாள் பின்னேரம், என்ன மருந்து என்று தெரியாமல், "தங்கச்சி, அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வர ஏலுமோ?" என்று மகளைக் கேட்டிருந்தோம். பதினான்கு வயதிருக்கும். பள்ளிச் சீருடையோடு திரும்பி வந்தாள். சொப்பிங் பையில் போத்தலும் இருந்தது, ஒரு பயிற்றை நுனியும் இருந்தது. "இதுக்குத்தான் அம்மா அடிச்சவ," என்றாள்.

இரவு விடுதி அடங்கிய பிறகு, கண் பரிசோதிக்கும் கருவியின் வில்லையைத் திருப்பி அந்த நுனியைப் பார்த்தோம். மினுங்கும் கறுப்பு, வெளிர் கால், கறுப்பு வால். பழைய ஆள்தான். ஆனால் உயிரோடு இருந்திருக்கக்கூடியவை மிகச் சில. மற்றவையெல்லாம் ஊதிப் பருத்து, வைக்கோல் நிறமாகி, இலையில் ஒட்டியபடி காய்ந்திருந்தன. பலவற்றின் முதுகில் கத்தரித்ததுபோல ஒரு வட்டத் துளை. சிறு குளவி ஒன்று அழுக்கணவனுக்குள் முட்டையிடும்; குஞ்சு உள்ளிருந்து தின்று வளர்ந்து, வெற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும். அந்தத் துளைகள் அவை. சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள். அந்தத் தாய் மருந்தடிக்க முதலே அழுக்கணவனின் கதை அந்தத் தோட்டத்தில் முடிந்துகொண்டிருந்தது. உயிரைப் பணயம் வைத்து அவர் அடித்த மருந்தில் பெரும்பகுதி வெற்றுத் தோலுக்கு அடித்தது.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? 37 என்று கொப்பியில் எழுதியவர்கள் நாங்கள்.

மகளுக்கு அந்த நுனியைக் காட்டினோம். வில்லைக்குள் பார்த்து, "ஓட்டை இருக்கு டொக்டர்," என்றாள். யார் போட்ட ஓட்டை என்று சொல்லிக் கொடுத்தோம். தாய் இயந்திரத்தில் இருந்த நாட்களில் அவள் எங்களிடம் கேட்ட கேள்விகளில் பாதி அம்மாவைப் பற்றியது, பாதி குளவியைப் பற்றியது.

அந்தத் தாய்க்கு நடந்தது விபத்து. அதே போத்தல்களை வேறு விதமாகப் பாவித்து வந்தவர்களையும் விடுதிகளில் கண்டிருக்கிறோம். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று போத்தலின் பெயரைக் குறித்து எண்ணியதாலேயே நாட்டில் தடைகள் வந்தன. மிகக் கொடிய சேதனப் பொசுபேற்றுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடுக்கப்பட்டன. பரகுவாட், டைமெதோவேற், பெந்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகக் குறைந்தது. இதுவும் பெயரைச் சரியாக எழுதியதன் பலன்.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வைத்தியரின் மருந்துச் சீட்டாக இதை எழுதித் தருகிறோம். நுனி கறுத்திருந்தால் முதலில் வில்லையால் பாருங்கள். முதலைக் குட்டி ஊர்கிறதா, வைக்கோல் நிறத் தோல்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் ஒரு கிழமை பொறுங்கள். இல்லாவிட்டால் நுனியைக் கிள்ளி அழியுங்கள். அல்லது தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு ஏறும் வழியை மறியுங்கள், ஏனென்றால் காவல் இருக்கும்வரை பொறிவண்டுக்கு இடமில்லை. அப்போதும் அடங்காவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடம் நுனியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைக்காரரிடம் "ஏதாவது தாங்கோ" என்று கேட்காதீர்கள்.

எங்கள் வகுப்பு இந்த நூற்றாண்டில் கல்லூரிக்குத் தருவது பெரிய பரிசல்ல. பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லைகள், 40. அதிபர் அவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள்: தயவுசெய்து அவற்றை அலுமாரியில் பூட்டாதீர்கள். தொலைந்தால் தொலையட்டும், நாங்கள் வேறு வாங்கித் தருகிறோம். மாணவிகளே, வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். பொருளைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் சீமைக்கிளுவை வேலி இப்போது மதிலாகிவிட்டது. ஆனால் மதிலோரத்தில் நீங்கள் பயிற்றை நட்டிருப்பதை இன்று காலை பார்த்தோம். நுனியில் யார் வந்திருக்கிறார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

முடிக்க முதல் ஒரு செய்தி. லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி தன் வீட்டுப் பின்வளவில் அவரை நட்டிருக்கிறாள். போன கோடையில் ஒரு படம் அனுப்பினாள்: நுனி முழுவதும் கறுப்பு. பெருப்பித்துப் பார்த்தோம். மினுக்கம் இல்லை, குஞ்சுகளின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஏபிஸ் பாபே. நூலகப் புத்தகத்தில் இருந்த அதே ஆள். ரீச்சர் புள்ளி போடாமல் திருப்பித் தந்த படத்துக்கு இனியாவது புள்ளி கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தாள்.